மதிப்பெண் பிள்ளைக்கே

ஜோகுபாளையத்தில் எங்கள் சந்து ஓர் ஆட்டோ நுழையும் அகலம் கொண்டது. எதிரே ஸ்கூட்டர் வந்தால் இரண்டில் ஒன்று பின்வாங்க வேண்டும். இந்த இடத்துக்குள் எத்தனையோ குடும்பங்கள். அவற்றோடு ஏழெட்டுத் தெரு நாய்கள். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாய் சாக்கடை ஓரம் குட்டி போட்டது. பிழைத்தது ஒன்றுதான். அதை மூன்றாம் வீட்டுப் பையன் எடுத்துக்கொண்டான். வயது 11. திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்த குடும்பம். குட்டிக்கு மணி என்று பெயர் வைத்து, மாடிப்படிக்கு அடியில் சாக்கு விரித்து, தன் பங்கு பிஸ்கட்டில் பாதியைக் கொடுத்து வளர்த்தான்.

ஒரு மாலை அவன் கையில் கைக்குட்டை கட்டியிருப்பதைப் பார்த்தேன். என்ன என்று கேட்டேன். முதலில் கிரிக்கெட் பந்து என்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "தாத்தா, மணி விளையாடும்போது பல்லு பட்டுடுச்சு. அம்மாகிட்ட சொல்லாதீங்க. சொன்னா மணியை எங்கயாவது கொண்டு போய் விட்டுடுவாங்க."

பல் பட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. அவனை அழைத்துக்கொண்டு போய் அவன் அம்மாவிடம் சொன்னேன். அன்றே மருத்துவமனைக்குப் போனோம். ஊசிகள் எல்லாம் முறையாகப் போட்டு முடிந்தன. பையன் நலம். ஆனால் அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது. வெறிநோயின் அறிகுறி தோன்றிய பின் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. இது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்த பயம் ஒன்றுதான்: நாயைப் பிரித்துவிடுவார்கள்.

அவன் மீது எனக்குக் கோபம் வரவில்லை. நாயோடு எப்படிப் பழகுவது, கடித்தால் என்ன செய்வது, யாரிடம் சொல்வது என்று நாம் யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லையே என்றுதான் தோன்றியது. நாய் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் "கூடாது" என்கிறோம், அல்லது வாங்கிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் குடியேறிய என் உறவினர் வீட்டுப் பெண் அங்கே ஓர் இளைஞர் சங்கத்தில் சேர்ந்து, ஓராண்டு நாய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு, நீல நிற ரிப்பனோடு நிற்கும் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்த பிறகு அந்தச் சங்கத்தைப் பற்றி விசாரித்துப் படித்தேன். அதில் நம் பிள்ளைகளுக்கு ஆகும் பாடம் எது என்பதே இக்கட்டுரை.

நான்கு இலைகள்

அந்தச் சங்கத்தின் பெயர் ஃபோர்-எச். தலை, இதயம், கைகள், உடல்நலம் என்ற நான்கும் ஆங்கிலத்தில் எச் என்ற எழுத்தில் தொடங்குவதால் இப்பெயர். நான்கு இலை கொண்ட பச்சைத் தழை அதன் சின்னம். 1902-ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்தின் கிளார்க் மாவட்டத்தில் ஏ. பி. கிரகாம் என்ற பள்ளி அதிகாரி, கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டி ஒரு வேளாண் சங்கம் தொடங்கினார். பிள்ளைகள் தங்கள் வீட்டு நிலத்து மண்ணைச் சோதித்தார்கள்; சோளமும் காய்கறியும் பயிரிட்டார்கள்; விளைந்ததைக் குறித்து வைத்தார்கள். புத்தகத்தில் படிப்பதைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. 1914-இல் அமெரிக்க அரசு வேளாண் விரிவாக்கச் சட்டம் கொண்டுவந்தபோது பல்கலைக்கழகங்களின் துணை இத்தகைய சங்கங்களுக்குக் கிடைத்தது. பிறகு பயிரோடு நில்லாமல் கன்று, ஆடு, கோழி, தையல், சமையல் என்று பாடங்கள் பெருகின. நாய் வளர்ப்பும் அவற்றில் ஒன்று.

நாய்ப் பாடத்தில் சேரும் பிள்ளை ஏறக்குறைய ஓராண்டு உழைக்க வேண்டும். வாரம் ஒரு நாள் வகுப்பு. மற்ற நாள்களில் வீட்டில் பயிற்சி. பெற்றோரும் ஊர்ப் பெரியவர்களும் ஊதியம் வாங்காமல் சொல்லித் தருகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பதிவேடு எழுத வேண்டும். நாய் என்ன தின்றது, எவ்வளவு செலவாயிற்று, எந்தத் தேதியில் எந்தத் தடுப்பூசி போட்டார்கள், இந்த வாரம் என்ன கற்றது, எங்கே தவறியது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். கோடையில் மாவட்டப் பொருட்காட்சி நடக்கும்போது பிள்ளையும் நாயும் வளையத்துக்குள் இறங்குவார்கள்.

வளையத்துக்குள் யாருக்கு மதிப்பெண்?

நாய்க் கண்காட்சி என்றால் நாம் நினைப்பது வேறு. ஜாதி நாய்களை வரிசையாக நிறுத்தி, அந்த இனத்துக்கு வகுத்த இலக்கணத்தோடு ஒப்பிட்டு, தலை எப்படி, முதுகு எப்படி, நடை எப்படி என்று நடுவர் பார்ப்பார். விலை உயர்ந்த நாய் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரிய விளையாட்டு என்று நமக்குத் தோன்றும்.

இளையோர் கையாளும் போட்டி அப்படிப்பட்டது அல்ல. இதில் நடுவர் மதிப்பெண் போடுவது பிள்ளைக்கு. அமெரிக்காவில் இத்தகைய போட்டி 1932-இல் நியூயார்க் அருகே ஒரு கண்காட்சியில் சிறுவர்களுக்காகத் தொடங்கியது. ஃபோர்-எச் சங்கத்திலோ, இனம் தெரியாத கலப்பு நாயோடும் பிள்ளைகள் வரலாம். நாயின் அழகு கணக்கில் வராது.

பிள்ளை நாயைத் தன் இடப்பக்கமாக நடத்தி வருகிறது. வரிசையில் நின்று, நான்கு கால்களும் ஒழுங்காக ஊன்றும்படி நாயை நிறுத்துகிறது. நடுவர் கிட்டே வந்து நாயைத் தொடுகிறார். பல்லைக் காட்டச் சொல்கிறார். பிறகு நேராகப் போய் வரச் சொல்வார். அல்லது முக்கோணமாகச் சுற்றி வரச் சொல்வார். இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. நடுவருக்கும் நாய்க்கும் இடையில் பிள்ளை குறுக்கே வரக்கூடாது. நடுவர் இடம் மாறினால் பிள்ளையும் மாற வேண்டும். 'காட்ட வந்தது என்னை அல்ல, இந்த நாயை' என்ற நினைவு கணந்தோறும் இருந்தால்தான் இது முடியும். நடுவில் கேள்வியும் வரும்: உன் நாய்க்கு எத்தனை பல்? கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டாய்? (வளர்ந்த நாய்க்குப் பற்கள் 42.)

நாய் பாதியில் உட்கார்ந்துவிடலாம். பக்கத்து நாயைப் பார்த்துக் குரைக்கலாம். அப்போது பிள்ளை என்ன செய்கிறது என்பதைத்தான் நடுவர் கவனிக்கிறார். பதறாமல், கயிற்றை வெடுக்கென்று இழுக்காமல், மறுபடி சரிசெய்து நடத்தும் பிள்ளைக்கு நல்ல மதிப்பெண் உண்டு. தன் வெட்கத்தை நாய்மீது கோபமாகக் காட்டும் பிள்ளைக்குக் குறையும்.

கீழ்ப்படிதல் போட்டி என்று வேறொன்றும் இருக்கிறது. அமெரிக்கக் கென்னல் கிளப் விதிப்படி அதற்கு மொத்தம் 200 மதிப்பெண். தேற 170 வேண்டும். அதோடு ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் வாங்க வேண்டும். ஒன்றில் அபாரமாகச் செய்து மற்றொன்றில் கோட்டைவிட்டால் தேர்ச்சி இல்லை.

பரிசு கொடுக்கும் முறையையும் நம் பெற்றோர்கள் அறிய வேண்டும். டேனிஷ் முறை என்று அதைச் சொல்கிறார்கள். முதல், இரண்டாம், மூன்றாம் இடம் என்று பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடாமல், வகுத்த தரத்தோடு ஒவ்வொருவரையும் ஒப்பிடுவார்கள். தரத்தை எட்டியவர்களுக்கு நீல ரிப்பன். ஓரளவு எட்டியவர்களுக்குச் சிவப்பு. இன்னும் உழைக்க வேண்டியவர்களுக்கு வெள்ளை. பத்துப் பேரும் நன்றாகச் செய்தால் பத்துப் பேருக்கும் நீலம். பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனையாவது ரேங்க் என்று கேட்டே பழகிய நமக்கு இது புதிய பாடம்.

இங்கிலாந்தின் கென்னல் கிளப்பும் 6 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு யங் கென்னல் கிளப் என்ற இளையோர் பிரிவை நடத்துகிறது. நம் நாட்டில் 1896-இல் தோன்றிய இந்தியக் கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. நம் ஊர்க் கண்காட்சிகள் சிலவற்றிலும் சிறுவர்கள் நாயை நடத்திக் காட்டும் போட்டியைக் காணலாம். ஆனால் தெரு ஓரத்துப் பிள்ளைக்கும் தெரு நாய்க்கும் வாரந்தோறும் சொல்லித் தரும் வகுப்பை எங்கள் பகுதியில் நான் கண்டதில்லை.

நம் மண்ணுக்குப் புதிதல்ல

நாயைப் பழக்குவது வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கம் என்று எண்ண வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் பல்லவ மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. மாடுகளைக் காக்கப் போராடி இறந்த வீரனுக்கு எடுத்த கல் அது. அவனோடு நின்று கள்வர் இருவரைக் கடித்த நாயின் உருவத்தையும் அதில் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும் பொறித்திருக்கிறார்கள். சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயர் தமிழில் கல்லில் ஏறியிருக்கிறது.

இன்னொரு கல் நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்து, பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு அது. காலம் பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட தக்கோலப் போரை அது குறிப்பிடுகிறது. அந்தக் காலத்து வீரன் மணலேரன், அரசன் பரிசு தர முன்வந்தபோது பொன்னும் ஊரும் கேட்காமல் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான். பின்பு காளி ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு போரிட்டு, இரண்டும் மாண்டன. அதற்காக எடுத்த கல்லே அது. தமிழில் கோவிவன், கன்னடத்தில் காளி. இரு மொழிக்கும் நடுவே வாழும் நம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பெயரையும் சொல்லிக் கொடுக்கலாம்.

இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று தமிழகத்துக்கும், முதோல் என்று கர்நாடகத்துக்கும் சொந்த நாயினங்கள் உள்ளன. 2005-இல் இந்திய அஞ்சல்துறை நாய்களுக்காக வெளியிட்ட நான்கு தபால் தலைகளில் இராசபாளையமும் முதோலும் இடம்பெற்றன. பாகல்கோட்டை மாவட்டத்துத் திம்மாபுரத்தில் முதோல் இனத்துக்கென ஆராய்ச்சி மையம் இயங்குகிறது.

பெருமை இருக்கட்டும், ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சிப்பிப்பாறையும் முதோலும் வெட்டவெளியில் முயலைத் துரத்தி ஓடப் பிறந்தவை. அவற்றை ஒற்றை அறை வீட்டில் கட்டிப்போடுவது அவற்றுக்குச் சிறைத் தண்டனை. எங்கள் சந்து போன்ற இடத்துக்கு நாட்டு நாய்க்குட்டியே பொருத்தம். இந்த வெயிலும் இந்தச் சத்தமும் அதற்குப் பழக்கம். பையன் மணியை எடுத்ததில் தவறில்லை. பழக்கத் தெரியாததுதான் குறை.

ஆறு வாரப் பாடம்

கீழ்க்காணும் பாடத்தை வீட்டில் வளரும், தடுப்பூசி போட்ட நாயோடு மட்டும் செய்ய வேண்டும். பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். முன்பின் தெரியாத தெரு நாயோடும், குட்டி போட்ட தாயோடும் வேண்டவே வேண்டாம். ஒரு வேளைக்குப் பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை போதும்.

முதல் வாரம், பார்ப்பது. பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நாயைக் கவனிக்கட்டும். வாலை இடுக்குவது, காதைப் பின்னுக்கு மடக்குவது, உணவு இல்லாதபோதே உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக் கொட்டாவி விடுவது, இவை "எனக்குப் பயமாக இருக்கிறது, விட்டுவிடு" என்று நாய் சொல்லும் வார்த்தைகள். உடம்பு விறைத்து, கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால் அடுத்தது கடியாக இருக்கலாம். வால் ஆடுவதால் மட்டும் அது நட்பு என்று கொள்ளக் கூடாது. குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியைப் பிள்ளைகளிடம் சொல்லவே சொல்லாதீர்கள். குரைக்கிற நாயும் கடிக்கும்.

இரண்டாம் வாரம், பெயர். பெயரைச் சொன்னதும் நாய் திரும்பிப் பார்த்தால் அந்த நொடியே ஒரு துண்டு உணவு. தாமதித்துக் கொடுத்தால், இடையில் அது காதைச் சொறிந்திருந்தால், சொறிந்ததற்குக் கூலி என்று நினைத்துக்கொள்ளும். மணியோசைக்கும் உணவுக்கும் தொடர்பு ஏற்படுத்திய ரஷ்ய அறிஞர் பாவ்லோவின் சோதனையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். இது அதற்கு உறவு. வேகவைத்த முட்டை அல்லது கோழியில் உப்பு, காரம் இல்லாத துண்டு, கடலைப் பருப்பு அளவில் போதும். சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்ந்த திராட்சை எதுவும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பும் வேண்டாம். வெந்த எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து தொண்டையையும் குடலையும் குத்தும்.

மூன்றாம் வாரம், உட்கார். உணவுத் துண்டை நாயின் மூக்குக்கு மேலே பிடித்து, மெல்லத் தலைக்குப் பின்புறமாக நகர்த்தினால் தலை உயரும், பின்பகுதி தானாகத் தரையில் அமரும். அமர்ந்த நொடி சொல்லும் பாராட்டும். முதுகை அழுத்தி உட்கார வைக்க வேண்டியதில்லை.

இங்கே நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று வருகிறது. அம்மா "உட்காரு" என்கிறார்; பக்கத்து வீட்டு அக்கா "கூத்கோ" என்கிறார்; பையன் "சிட்" என்கிறான். நம் பிள்ளைகள் மூன்று மொழியில் புழங்கிவிடுவார்கள். தொடக்கத்தில் நாய்க்கு ஒரு செயலுக்கு ஒரு சொல்தான் வேண்டும். வீட்டார் அனைவரும் கூடி ஐந்து சொற்களை முடிவு செய்யுங்கள்: உட்கார், படு, நில், வா, விடு. தமிழில் இவை சுருக்கமாகவும் ஒன்றோடொன்று குழம்பாமலும் இருக்கின்றன. அவற்றை எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். எழுதிய சொல்லை நாய் படிக்காது, பாட்டி படிப்பார். கையசைவும் சேர்த்துப் பழக்குவது நல்லது. வெள்ளை நிற இராசபாளையக் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேளாது. அவை கையைப் பார்த்தே எல்லாம் கற்கும்.

நான்காம் வாரம், நில். ஒரு அடி பின்னால் போய்த் திரும்பி வந்து உணவு கொடுங்கள். பிறகு இரண்டடி, பிறகு ஐந்தடி. நாய் எழுந்து வந்துவிட்டால் அதட்ட வேண்டாம். நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். மறுபடி ஒரு அடி.

ஐந்தாம் வாரம், வா. எல்லாவற்றிலும் முக்கியமான சொல் இது. வண்டி வரும்போது நாயின் உயிரைக் காக்கும் சொல். "வா" என்று கூப்பிட்டு வந்த நாயை ஒரு நாளும் அடிக்கவோ திட்டவோ கூடாது. செருப்பைக் கடித்ததற்காகக் கூப்பிட்டு அடித்தால், வந்ததற்கு அடி என்றுதான் அது கற்கும். அடுத்த முறை வராது.

ஆறாம் வாரம், நடையும் தொடுதலும். கயிறு தொய்வாக இருக்க, பிள்ளையின் இடப்பக்கம் நாய் நடக்க வேண்டும். நாய் இழுத்தால் பிள்ளை அப்படியே நின்றுவிட வேண்டும்; இழுத்தால் போக முடியாது என்று அது புரிந்துகொள்ளும். வீட்டுக்கு வந்ததும் காது, பாதம், வாய் ஆகியவற்றை மென்மையாகத் தொட்டுப் பழக்குங்கள். கால்நடை மருத்துவரின் மேசையில் இதன் அருமை தெரியும்.

இவை முடிந்தபின் ஒரு ஞாயிறு காலை, வண்டிகள் குறைவாக இருக்கும் நேரத்தில், சாக்பீஸால் தரையில் ஒரு வளையம் போடுங்கள். தெருப் பெரியவர் ஒருவர் நடுவர். நீலம், சிவப்பு, வெள்ளைத் துணிக் கீற்றுகள் தையல்காரரிடமே கிடைக்கும். மதிப்பெண் பிள்ளைக்கே என்பதை முதலில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

பல் பட்டால்

இந்தப் பகுதியை வீட்டில் உரக்கப் படிக்க வேண்டுகிறேன்.

நாயின் பல்லோ நகமோ பட்டு, தோல் சிறிது கீறியிருந்தாலும் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காயத்தின் தன்மைக்கேற்ப, தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புரத மருந்தும் தேவைப்படலாம். அதை மருத்துவர் சொல்வார். அவர் குறித்த எல்லாத் தேதியிலும் ஊசி போட வேண்டும். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடக் கூடாது. "நம் குட்டிதானே, சின்னதுதானே" என்று இருந்துவிடவும் கூடாது. குட்டிக்கும் வெறிநோய் வரும்.

லூயி பாஸ்டர் 1885-இல் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இந்தத் தடுப்பு மருந்தைக் கொடுத்தார். நம் குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. நூறாண்டுக்கு மேலாக மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், சொல்லாமல் மறைத்ததால் போன உயிர்கள் உண்டு. ஆகவே பிள்ளையிடம் இன்றே ஒரு வாக்குக் கொடுங்கள்: "பல் பட்டால் உடனே சொல். நீ சொன்னதற்காக உன்னையும் அடிக்க மாட்டோம், நாயையும் துரத்த மாட்டோம்." கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். ஒருமுறை தவறினால் அடுத்த முறை பிள்ளை சொல்லாது.

நாய்க்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும் தொடர வேண்டும். தெரியாத நாய் எதிர்த்து வந்தால் ஓடாமல், கையை மடக்கி, தரையைப் பார்த்தபடி மரம்போல் நிற்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு.

குட்டியை எடுக்கும் முன்

பெற்றோரும் பிள்ளையும் உட்கார்ந்து இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

1. நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும். இன்று 11 வயதுப் பிள்ளை அப்போது வேலைக்குப் போயிருக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வு வரும் ஆண்டில் காலை நடைக்கு யார் அழைத்துப் போவார்கள்?

2. பொங்கலுக்கும் ஆடிக்கும் ஊருக்குப் போகும்போது நாய் எங்கே இருக்கும்?

3. வாடகை வீடு மாறினால் புது வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? சம்மதிக்காவிட்டால்?

4. உணவு, ஊசி, மருத்துவர் செலவுக்கு மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும்?

5. குட்டி போடாமல் இருக்கக் கருத்தடை எப்போது செய்வீர்கள்?

ஒரு கேள்விக்கேனும் விடை இல்லையென்றால் இந்த ஆண்டு குட்டி வேண்டாம். வளர்த்த நாயைப் பசியோடு தெருவில் விட்டுவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தைவிடப் பெரிய தீங்கு, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று பிள்ளை நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்வது. நாய் இல்லாமலும் பாடம் தொடங்கலாம். நாய் வளர்க்கும் அண்டை வீட்டாரின் அனுமதியோடு முதல் வாரத்துக் கவனிப்பைச் செய்து பார்க்கலாம்.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று நம்மவர் சொல்வார்கள். வால் வளைந்தே இருக்கட்டும். மூன்றாம் வீட்டு மணி இப்போது வளர்ந்துவிட்டது, ஊசியெல்லாம் போட்டாயிற்று, மாடிப்படிக்கு அடியிலேயே இருக்கிறது. பையனின் அம்மா முதலில் தயங்கினார். அவன் நோட்டுப் புத்தகம் எழுதத் தொடங்கியபின் சம்மதித்தார். சென்ற வாரம் அதை எனக்குக் காட்ட எடுத்து வந்தான். இரண்டு வரியைப் படித்ததும் நீலப் பேனாவால் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். அவன் எழுதியிருந்தது இது:

"சனி: கோபத்தில் கத்தினேன். மணி வரவில்லை. ஞாயிறு: கத்தாமல் கூப்பிட்டேன். வந்தது."